பான்சிப் பூவுக்கு முகம் கண்டெடுத்த தோட்டக்காரர்



சென்ற வாரம் எமது பாடசாலையின் முன்பக்கப் பூப்பாத்தியைப் படம் பிடித்துப் போட்டிருந்தோம். "இது என்ன பூ? முகம் மாதிரி இருக்கே!" என்று ஊரில் பலர் கேட்டீர்கள். பெயர் பான்சி. ஒரே சொல்லில் பதிலை முடித்திருக்கலாம். ஆனால் இந்தப் பூவின் வரலாற்றைத் தரம் 8 பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போய், அவர்களிடம் நாங்கள் ஒரு பாடம் படித்துக்கொண்டு வந்தோம். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் பூவை நன்றாகப் பாருங்கள். இதழ்கள் ஐந்து. மேலே இரண்டு, இடமும் வலமும் ஒவ்வொன்று, கீழே அகலமாக ஒன்று. கீழ் இதழின் பின்பக்கம் சின்னக் குழாய் போல நீண்டிருக்கும். தேன் அதற்குள்தான் சேரும். நடுவில் கறுத்த திட்டு. அதுதான் கண்ணும் மூக்கும் மீசையுமாக நமக்குத் தெரிகிறது.

ஜேர்மன் மொழியில் இந்தப் பூவுக்குப் பெயர் "சின்னச் சித்தி". தாயில்லாப் பிள்ளைகளுக்கு வரும் சித்தியைத்தான் சொல்கிறார்கள். கீழே உள்ள பெரிய இதழ் சித்தி. பக்கத்து இதழ்கள் இரண்டும் அவளுடைய சொந்த மகள்கள். மேலே ஒதுங்கி நிற்கும் இரண்டும் மூத்த தாரத்துப் பிள்ளைகள். பூவைத் திருப்பிப் பார்த்தால் பச்சைப் புல்லி ஐந்து இருக்கும். அவை ஐந்து கதிரைகள். சித்தி இரண்டு கதிரையைப் பிடித்துக்கொள்கிறாள். சொந்த மகள்களுக்கு ஆளுக்கொன்று. மிச்சமிருக்கும் ஒரே கதிரையில் மற்றப் பிள்ளைகள் இரண்டும் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. பிள்ளைகள் எண்ணிப் பார்த்தார்கள். கணக்குச் சரியாக வந்தது. அன்று முழுவதும் வகுப்பில் "கதிரை குடுக்காத சித்தி" என்ற பேச்சுத்தான்.

பிரெஞ்சுக்காரர் இதற்கு வைத்த பெயரின் பொருள் "நினைவு". தலையைச் சற்றுக் குனிந்து ஏதோ யோசிப்பதைப் போல நிற்பதால் அந்தப் பெயர் பொருந்திவிட்டது. ஆங்கிலப் பெயரும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

நுவரெலியா பக்கம் பூங்காக்களுக்குப் போனவர்கள் இந்தப் பூவைப் பாத்தி பாத்தியாகப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தப் பெரிய, வட்டமான, முகம் வைத்த பான்சி உலகில் எந்தக் காட்டிலும் தானாக முளைத்ததில்லை. மனிதர் கைபட்டு உருவான பூ அது. வயதும் ஏறக்குறைய 200 வருடங்கள்தான். ரோசாவுக்கும் மல்லிகைக்கும் யார் முதலில் பாத்தி கட்டினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பான்சி அப்படியல்ல. எந்த ஊரில், யாருடைய தோட்டத்தில், யார் கையால் வளர்ந்தது என்று எழுத்திலேயே இருக்கிறது. வரலாறு கற்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இதன் தாய்ப்பூ ஐரோப்பாவின் வயல் ஓரங்களில் முளைக்கும் சின்னஞ்சிறு காட்டுப்பூ. ஊதா, மஞ்சள், வெள்ளை என மூன்று நிறமும் ஒரே பூவில் இருக்கும். அளவு நம் பெருவிரல் நகத்தளவு. ஆங்கிலேயர் அதை "மன ஆறுதல்" என்ற பொருள்பட அழைத்தார்கள். விவசாயிகளுக்கு அது களை. அதன் நடுவில் இன்றைய பான்சியின் முகம் இல்லை. மெல்லிய கறுப்புக் கோடுகள் மட்டும் உண்டு. தேன் இருக்கும் இடத்துக்கு வண்டுக்கு வழி காட்டும் கோடுகள் அவை.

இங்கிலாந்தில் 1812ஐ அண்டிய காலத்தில் இந்தக் களைப்பூவின் மீது ஒரு பெண்ணுக்கு ஆசை வந்தது. டேங்கர்வில் பிரபுவின் மகள் மேரி பெனட் சீமாட்டி. தேம்ஸ் நதிக்கரையில், வோல்டன் என்ற ஊரில் இருந்த தந்தையின் தோட்டத்தில், கிடைத்த வகைகளையெல்லாம் சேர்த்து வளர்க்கச் செய்தார். மண்ணில் வேலை செய்தவர் அங்கிருந்த தோட்டக்காரர் வில்லியம் ரிச்சட்சன். லீ என்ற பிரபல நாற்றுப்பண்ணை உரிமையாளரும் இதில் கைகொடுக்க, சில வருடங்களில் 20 வகைகள் விலைக்கு வந்தன.

அதே காலத்தில் இன்னொரு தோட்டம். பக்கிங்ஹம்ஷயர் மாவட்டத்தில் ஐவர் என்றொரு கிராமம். (நம் தமிழ் "ஐவர்" இல்லை, ஊரின் பெயரே அதுதான்.) அங்கே வாழ்ந்தவர் கடற்படைத் தளபதி கம்பியர் பிரபு. 1807இல் டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனைக் கடலிலிருந்தும் தரையிலிருந்தும் பிரித்தானியர் குண்டு வீசித் தாக்கியபோது, கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் இவர். நகரம் எரிந்தது. பொதுமக்கள் பலர் மாண்டார்கள். டென்மார்க்கின் கப்பல்கள் பறிபோயின. பிரபுப் பட்டம் இவருக்குக் கிடைத்தது அந்த வருடத்தில்தான். பின்னர் 1814 டிசம்பரில், பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான போரை முடித்து வைத்த கென்ட் உடன்படிக்கையில் பிரித்தானியத் தூதுக் குழுவுக்குத் தலைமை தாங்கிக் கையொப்பமிட்டவரும் இவரே.

அந்த 1813, 1814 அளவில், இந்தத் தளபதி தன் ஊர்ப்பக்கம் தானாக முளைத்திருந்த மஞ்சளும் வெள்ளையுமான காட்டுப்பூச் செடிகள் சிலவற்றை வேரோடு பிடுங்கி வந்து, தோட்டக்காரரிடம் கொடுத்து, "இதை வளர்த்துப் பார்" என்றார். தோட்டக்காரர் பெயர் வில்லியம் தொம்சன். தளபதியின் பங்கு பெரும்பாலும் அவ்வளவுதான். இதன் பிறகு நடந்த வேலையெல்லாம் தொம்சனுடையது.

இது நமக்கு எப்படித் தெரியும்? இங்குதான் வரலாற்று ஆசிரியர்களுக்குச் சந்தோஷமான இடம். தொம்சன் தானே எழுதி வைத்தார். கம்பியர் பிரபு 1833இல் இறந்துவிட்டார். எட்டு வருடங்கள் கழித்து, 1841இல், தோட்டக்கலை ஏடொன்றில் தொம்சன் தன் அனுபவத்தை எழுதினார். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்றுத் தந்ததே இதுதான்: மூலாதாரம் கையில் கிடைத்தால், யார் எழுதியது, எழுதியவருக்கு அதில் என்ன இலாபம் என்று கேள். தொம்சன் எழுதியதை அந்தக் கண்ணால் வாசித்துப் பாருங்கள். ஆச்சரியமாக இருக்கும்.

முதலில் எஜமானைப் பற்றி மரியாதையாகச் சொல்கிறார். பிறகு விதை எடுத்து விதைத்ததையும், செடி தான் நினைத்ததைவிட நன்றாக வந்ததையும் சொல்கிறார். அடுத்து, யார் யாரிடமிருந்து செடி வாங்கினார் என்று கணக்குக் கொடுக்கிறார். நீல வகை ஸ்லவ் என்ற ஊரில் இருந்த பிரவுன் என்பவர் தந்ததாம். ரஷ்யாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட கருநிற வகை ஒன்றும் கிடைத்ததாம். அதைக் கொடுத்தவரின் பெயர் தனக்கு இப்போது ஞாபகத்தில் இல்லை என்று, மறந்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். பல வருடங்கள் பூ சிறியதாகவே இருந்ததையும், பெரிய பூ வரும் என்று ஆரம்பத்தில் தான் நினைக்கவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார்.

இவை வீண் பெருமைகள் அல்ல. காட்டுப்பூவும், ஐரோப்பிய மலைகளின் மஞ்சள் வயோலாவும், ரஷ்யப் பக்கத்து அல்தாய் மலை வயோலாவும் கலந்ததால்தான் இன்றைய பான்சி பிறந்தது. அந்தக் கலப்பில் பெரும் பங்கு இவருடைய பாத்திகளில் நடந்தது.

இனி முகம் வந்த கதை.

ஒருநாள் காலை தொம்சன் ஹீத் என்ற பூஞ்செடிகள் இருந்த பக்கம் போகிறார். கொஞ்ச நாளாக யாரும் கவனிக்காமல் விட்ட செடிகள் அவை. பார்த்துக்கொண்டே போனவர் சட்டென்று நின்றுவிட்டார். செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குட்டிப் பூனையின் முகம் தன்னையே உற்றுப் பார்ப்பது போல இருந்ததாம். குனிந்து பார்த்தால், பூனை அல்ல, பூ! விதை தானாக விழுந்து முளைத்த ஒரு செடி. மற்றப் பூக்களில் இருந்த மெல்லிய கோடுகள் இதில் இல்லை. கோடுகள் ஒன்றாகி அகன்ற கறுப்புத் திட்டாக மாறியிருந்தன. உடனே அதை வேரோடு எடுத்து, தனி இடம் கொடுத்து, மெடோரா என்று பெயரும் வைத்தார். அதன் விதையிலிருந்து சில தலைமுறைகள் தாண்டி வந்தது விக்டோரியா என்ற வகை. அதிலிருந்து இன்னும் பல வந்தன. இன்று நம் பாத்தியில் நிற்கும் முகங்களின் வரலாறு அந்தக் காலையில் தொடங்குகிறது.

அந்த விதை அங்கே எப்படிப் போனது? பான்சியின் காய் முற்றியதும் மூன்றாகப் பிளந்து, மூன்று சின்னத் தோணிகள் போல விரியும். தோணியின் ஓரங்கள் காயக் காய உள்ளே நெருக்கும். நெருக்கத் தாங்காமல் விதைகள் தெறித்துப் பாயும். பாத்திக்குள் மட்டுமல்ல, பக்கத்துச் சட்டிக்குள்ளும் விழும். மெடோராவும் அப்படி விழுந்த ஒரு விதையாக இருந்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடித்ததற்குத் தொம்சன் என்ன பெருமை எடுத்துக்கொண்டார்? ஒன்றும் இல்லை. இப்படி ஒரு முகம் வரும் என்று தான் கற்பனைகூடச் செய்ததில்லை, இது முழுவதும் தற்செயல், இதில் தனக்குப் புகழ் இல்லை என்று எழுதிவிட்டார். கேட்க ஆள் இல்லாத காலம். எஜமானும் உயிரோடு இல்லை. "நான்தான் உருவாக்கினேன்" என்று எழுதியிருந்தால் யார் மறுத்திருப்பார்? அவர் எழுதவில்லை.

ஆனாலும் நாம் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த வழியால் எத்தனை பேர் போயிருப்பார்கள்? வருடக்கணக்காக இந்தப் பூவைக் குனிந்து குனிந்து பார்த்த கண்ணுக்குத்தான் அது வேறு பூ என்று புரிந்தது. தற்செயல் எல்லோருக்கும் வரும். அடையாளம் காண்பதற்கு உழைப்பு வேண்டும்.

இதன் பிறகு பான்சிக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. 1835இல் இந்தப் பூவுக்கென்றே தனிப் புத்தகம் வந்துவிட்டது. அப்போது பெயரிட்ட வகைகள் 400 விற்பனையில் இருந்தன. இந்தத் தகவலை நமக்குத் தருபவர் சார்ள்ஸ் டார்வின். 1868இல் வெளிவந்த தன் நூலில், மனிதன் ஒரு செடியை எவ்வளவு வேகமாக மாற்ற முடியும் என்பதற்குப் பான்சியை உதாரணம் காட்டினார். அதில் தொம்சனின் பெயரையும் சொன்னார்.

டார்வினுக்கு இந்தப் பூவோடு வேறு ஒரு கதையும் உண்டு. அதன் காட்டு வகைக்கு மகரந்தம் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் பம்பிள் பீ என்ற தடித்த தேனீ. (நம் நாட்டில் அது இல்லை. இங்கே பிள்ளைகளுக்குத் தெரிந்தது மரத்தைத் துளைக்கும் கருவண்டுதான்.) அந்தத் தேனீயின் கூட்டை வயல் எலிகள் அழிக்கும். எலியைப் பூனை பிடிக்கும். ஆகவே ஓர் ஊரில் எத்தனை பூக்கள் பூக்கும் என்பதை அந்த ஊரின் பூனைகள் தீர்மானிக்கலாம் என்றார் டார்வின். பூனை முகம் வைத்த பூவுக்கு இப்படி ஒரு பூனைக் கதை. பிள்ளைகள் சிரித்து அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

பின்னர் கண்காட்சிக்காரர்கள் வந்தார்கள். பூ வட்டமாக இருக்க வேண்டும், இதழ் ஓரம் சுருங்கக் கூடாது, நிறம் ஒன்றோடொன்று கலங்கக் கூடாது என்று சட்டங்கள் போட்டார்கள். ஐரோப்பாவின் மறு கரையிலிருந்து பெரிய திட்டும் கலப்பு நிறங்களும் கொண்ட வகைகள் வந்தபோது, இங்கிலாந்தின் பழைய கைகள் முகம் சுளித்தார்கள். ஆனால் சாதாரண வீட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பிடித்தது அவைதான். கடைசியில் வென்றதும் அவையே.

ஸ்கொட்லாந்தில் எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் கிரீவ், காட்டு வயோலாக்களோடு பான்சியைக் கலந்து, அடர்த்தியாகப் படரும் சின்ன வகைகளை உருவாக்கினார். இவர் பெயரில் ஓர் அப்பிள் வகையும் உண்டு. அதே நாட்டின் வைத்தியர் சார்ள்ஸ் ஸ்டுவர்ட், பிரெனீஸ் மலை வயோலாவைப் பான்சியோடு சேர்த்து, கறுப்புக் கோடே இல்லாத சிறு பூக்களை வளர்த்தெடுத்தார். தொம்சன் கண்டெடுத்த முகத்தை இவர் துடைத்துவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1890களில் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் விட்ரொக், இந்தப் பூவின் வம்சாவளியை ஆராய்ந்து நூல் எழுதினார். அவரது பெயரே இன்று பான்சியின் விஞ்ஞானப் பெயரில் இருக்கிறது.

பிறகு சுவிற்சர்லாந்தின் பெரும்பூ வகைகள் வந்தன. "சுவிஸ் ஜயன்ட்" என்ற பெயர் இன்றும் விதைப் பக்கெட்டுகளில் உண்டு. ஜப்பானின் சகாட்டா நிறுவனத்தின் "மெஜெஸ்டிக் ஜயன்ட்ஸ்" 1966இல் அமெரிக்க விருது பெற்றது. அது எஃப்1 என்ற முதல் தலைமுறைக் கலப்பு விதை. இந்த விதையில் செடியெல்லாம் ஒரே சீராக வரும். ஆனால் அதன் பூவிலிருந்து நாம் எடுக்கும் விதை தாயைப் போல வராது. நாங்களும் எடுத்து விதைத்துப் பார்த்தோம். ஒன்று மஞ்சள், ஒன்று கருநீலம், ஒன்று இரண்டும் இல்லாத ஒரு நிறம். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்தோம். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றோம். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பியது.

"டீச்சர், அப்ப நம்மட தோட்டத்துக்குத் தொம்சன் ஆரு?"

எங்களுக்குப் பதில் தெரியும். வாயில் வரவில்லை.

கடந்த வருடம் பாடசாலைத் தோட்டப் போட்டியில் எமக்கு இரண்டாம் இடம் கிடைத்தது உங்களில் பலருக்குத் தெரியும். சான்றிதழில் ஆசிரியர்களின் பெயர் இருந்தது. மாணவர் குழுவின் பெயர் இருந்தது. படமும் இங்கே போட்டோம். நீங்களும் "மாஷா அல்லாஹ்" என்று எழுதினீர்கள். அந்தப் பாத்திக்கு மாட்டெரு சுமந்தவர், மழை இரவுகளில் நாற்றுத் தட்டுகளை உள்ளே எடுத்து வைத்தவர், டோர்ச் அடித்து நத்தை பொறுக்கியவர் எமது பாடசாலைத் தொழிலாளி நானா. தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் சீமெந்து வெடிப்பில் தானாக முளைத்த ஒரு பான்சிக் கன்றை யாரும் மிதிக்காமல் நான்கு செங்கல் வைத்துக் காத்தவரும் அவர்தான். விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்தது நாங்கள். அவருடைய பெயரை எழுதும் எண்ணமே எங்களுக்கு வரவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வேண்டுமென்று செய்யாததால் அது சரியாகிவிடாது.

கம்பியர் பிரபுவின் தோட்டக்காரர், நீலச் செடி தந்தவரின் பெயரை 28 வருடம் கழித்தும் எழுதினார். நாங்கள் பக்கத்தில் நின்றவரின் பெயரை ஒரே மாதத்தில் மறந்தோம். மனிதருக்கு நன்றி சொல்வதும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்வதில் சேர்ந்தது என்று குர்ஆன் மத்ரஸாவில் சின்ன வயதிலேயே படித்தவர்கள் நாங்கள்.

அன்று இடைவேளையிலேயே போய் நானாவிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கூச்சத்தோடு, "அதுக்கென்ன டீச்சர், பூ பூத்தாச் சரிதானே" என்றார். அதிபர் சேரிடமும் சொன்னோம். இப்போது பாத்தியின் முன்னால் பிள்ளைகள் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். அதில் முதல் வரியில் நானாவின் பெயர். இங்கே எழுத அனுமதி கேட்டோம். "முகநூலில எல்லாம் வேணாம்" என்றுவிட்டார். ஆகவே பெயர் இங்கே இல்லை. பாடசாலைப் பக்கம் வரும்போது பலகையில் வாசித்துக்கொள்ளுங்கள். அவரைக் கண்டால் ஒரு ஸலாமும் சொல்லுங்கள்.

வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு நானா சொல்லித் தந்தது இது. குளிர்ப் பிரதேசத்துக்குத்தான் சரிவரும். கடலோரத்துச் சூட்டில் தண்டு நீண்டு வாடிவிடும். விதையை மெல்லிய மண்ணால் மூடி, வெளிச்சம் படாமல், ஈரம் காயாமல் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். முளை தெரிந்ததும் வெளிச்சத்துக்கு எடுங்கள். நான்கைந்து இலை வந்ததும் ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். நன்றாக மக்கிய எரு போடுங்கள். தண்ணீர் தேங்க விடாதீர்கள். எமக்குப் பன்னிரண்டு வாரத்தில் முதற் பூ வந்தது. வாடிய பூவைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். கிள்ளினால்தான் புதுப் பூ வரும். விதை வேண்டுமென்றால் மட்டும் சில பூக்களை விட்டு, காய் தலை நிமிர்ந்ததும் வெடிக்கு முன் பறியுங்கள்.

முதற் பூ பூத்ததும் படம் போடுங்கள், இன்ஷா அல்லாஹ் நாமும் பார்ப்போம். யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதையும் படத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.